சந்தனம் வைத்த கேமரா

எங்கள் வீட்டு நாய்க்குக் காது கேட்காது. பிறவிச் செவிடு. ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் அங்கொன்றும் இங்கொன்றும் அப்படிப் பிறக்கும். குட்டிக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத குட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படி யாரும் வாங்காமல் கிடந்ததைத்தான் என் வீட்டுக்காரர் ஒருநாள் மில் ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். எனக்கு வந்ததே கோபம்! "காவலுக்கு ஒரு நாய் கொண்டாங்கன்னு சொன்னா செவிட்டு நாயைக் கொண்டாந்து நிக்கிறீயளே. திருடன் வந்தா நான் போய் இதை எழுப்பி விடணுமாக்கும்" என்று ஒரு வாரம் அவரைப் போட்டு வறுத்தெடுத்தேன்.

அந்த ஒரு வாரத்துக்குள் அது என் தையல் மெஷினுக்கு அடியில் இடம் பிடித்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே நைட்டி தைக்கிறவள். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், தைத்து அனுப்ப வேண்டும். மோட்டார் ஓடினால் தரை அதிரும். அந்த அதிர்வில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நாய் தூங்கும். மோட்டார் நின்றதும் தலையைத் தூக்கி, ஏன் நிறுத்தினாய் என்று பார்க்கும். காது கேட்காத ஒன்றிடம் என்ன பேசுவது என்று முதலில் திகைத்தேன். பிறகு பார்த்தால் நாள் முழுக்க நான் பேசியது அதனிடம்தான். குறுக்கே பேசாது, எதிர்த்துப் பேசாது, நான் சொன்னதை இன்னொரு வீட்டில் போய் ஓதாது. இந்தக் குணம் என் சொந்தக்காரர்களில் ஒருத்தருக்கும் கிடையாது.

எங்கள் வீடு மம்சாபுரத்தைத் தாண்டி, செண்பகத்தோப்புக்குப் போகிற பக்கம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா, நடுவில் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் மதினி வீடு. மதினி என்றால் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். ஒரே மகள். அந்த மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வெல்டிங் வேலை பார்க்கிற வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனது இரண்டு வருஷத்துக்கு முந்தி.

என் வீட்டுக்காரர் அவளுக்குத் தாய்மாமன். தகப்பன் இல்லாத பிள்ளை என்று தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் காதுக்குச் சேதி வந்தது மில் வாசலில், மூன்றாம் மனுஷன் வாயிலிருந்து. அன்று வந்தவர் முற்றத்தில் நின்று, "அவ பேரு இனி இந்த ரெண்டு வீட்டுலயும் கேக்கக் கூடாது. யாராவது அங்க போறது வாரதுன்னு தெரிஞ்சுது, அப்புறம் என்னை மறந்துருங்க" என்றார். சாதிக்காகச் சொன்னாரா, தன்னிடம் சொல்லாமல் போன வருத்தத்தில் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். அதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

போன கோடையில்தான் ஆட்டுக்குட்டிப் பிரச்சினை ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் மதினியின் குட்டி ஒன்று ஓடைக்கரையில் கழுத்துக் கிழிந்து கிடந்தது. பக்கத்தில் எங்கள் நாய் நின்றுகொண்டிருந்தது. மதினி தூரத்திலிருந்து கத்தியிருக்கிறார். நாய்க்குக் கேட்டால்தானே நகர்வதற்கு? நின்ற இடத்திலேயே நின்று முகர்ந்துகொண்டிருந்தது. ரத்தம் பட்ட மூக்கோடு என் வீட்டுக்கு வந்தது. மலையிலிருந்து ஏதோ இறங்கிக் கடித்திருக்கும், இது போய் மோப்பம் பிடித்திருக்கும் என்று தலைகீழாக நின்று சொன்னேன். கேட்கிறவர்கள் யார்? தெருவே கூடி நாய்க்குத் தீர்ப்பு எழுதிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு குட்டியைக் காணவில்லை. இந்த முறை உடலும் கிடைக்கவில்லை, ரத்தமும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. மில்லிலிருந்து வந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, அக்கா வீட்டு ஆட்டை எண்ணிவிடுவார். எண்ணிவிட்டு, "ஒண்ணு குறையுதேக்கா" என்றார். மதினி தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த நாய்தான் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார். முழுக்குட்டியை எலும்பு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு என் மெஷினுக்கு அடியில் வந்து, நான் போடுகிற சோத்துக்கு வாலை ஆட்டுமா அது?

"இன்னொரு குட்டி போச்சு, நாயைச் செண்பகத்தோப்புக்கு அங்கிட்டு மலையடியில அவுத்து விட்டுருவேன்" என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன். காது கேட்கிற நாயாவது சருகு அசைந்தால் ஓடித் தப்பும். இது பின்னால் சிறுத்தை வந்து நின்றாலும் முன்னால் போகிற பட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும். மலையடியில் விடுவதும் அதைக் கொல்வதும் ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். ராத்திரி சோறு போடும்போது, இது நியாயமா என்று முகத்தைப் பார்த்தே கேட்டேன். "எங்கக்கா தனியா இருக்கா, அவளுக்கு அந்த ஆட்டை விட்டா என்ன இருக்கு?" என்றார்.

அப்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது. காட்டுப் பக்கம் மரத்தில் வனத்துறைக்காரர்கள் கட்டியிருக்கும் பெட்டியைப் போகிற வருகிறபோது பார்த்திருக்கிறேன். ஏதாவது குறுக்கே போனால் தானாகப் படம் எடுக்கும். வேலியில் நாய் நுழைகிற சந்து ஒன்றுதான். அந்தச் சந்தைப் பார்த்து ஒரு கேமராவைக் கட்டிவிட்டால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். குட்டியைத் தூக்குவது நரியா, சிறுத்தையா, மலைப்பாம்பா, எதுவாக இருந்தாலும் சரி, என் நாய் இல்லை என்று தெருவுக்கே படம் போட்டுக் காட்டிவிடலாம். போனில் தேடி ஆர்டர் போட்டேன். எங்கள் மாந்தோப்புக்குள் எங்கள் வேலியைப் பார்த்துக் கட்டுவதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

வந்து சேர்ந்தது மரப்பட்டை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. திறந்தால் பென்சில் பேட்டரி போட வரிசையாக இடம், மெமரி கார்டுக்கு ஒரு பொந்து, ஒரு குட்டித் திரை. வெளியில் மேலே கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன பல்புகள், நடுவில் லென்ஸ், அதற்குக் கீழே வெள்ளையாகப் புடைத்துக்கொண்டு ஒரு வட்டம். மரத்தில் கட்டப் பெல்ட்டும் கொடுத்திருந்தார்கள். முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும், உதிக்கிற வெயிலும் சாய்கிற வெயிலும் லென்ஸில் அடிக்கக் கூடாது, முன்னால் இருக்கிற புல்லை அறுத்துவிட வேண்டும். எல்லாம் வீடியோவில் பார்த்து நெட்டுருப் போட்டிருந்தேன். பெட்டியைச் சோதனையில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரை நாய் மாதிரி நாலு காலில் நடக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே நடந்தார். சிவப்பு விளக்கு மினுக்கியது. அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் சும்மா வைப்போமா? என் மெஷினுக்கு, அவர் பைக்குக்கு, போன வருஷம் வாங்கிய கிரைண்டருக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துத்தான் ஓட்டினோம். அக்கம்பக்கம் கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா, "ஏமம்மா இது, வெடிக்குமா?" என்று தள்ளி நின்று கேட்டார். மதினியும் வேலியோரம் வந்து நின்றார். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சந்தனம் குழைத்தேன். லென்ஸில் வைக்கக் கூடாது என்று தெரியாதவளா நான்? அதற்குக் கீழே வெள்ளையாக இருந்த புடைப்பில், நெற்றி மாதிரி எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைத்து, கட்டைவிரலால் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். "இனி எவன் வந்தாலும் மாட்டுவான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துக் கார்டைக் கழற்றிப் போனில் போட்டுப் பார்த்தால், சோதனைக்கு நாலு காலில் நடந்த என் வீட்டுக்காரரைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. மயில் நடந்த தடம் கேமராவுக்கு நேரே கிடக்கிறது, மயில் இல்லை. நானே தினமும் இரண்டு தடவை குறுக்கே போயிருக்கிறேன், நானும் இல்லை. "நல்லா ஏமாத்திட்டானுக. ஓட்டைப் பெட்டியைக் கொடுத்துட்டானுக" என்று என் வீட்டுக்காரர் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மதினியிடமும் சொன்னார். தெருவில் என் மானம் கப்பலேறியது.

விடுவேனா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். எடுத்த பிள்ளை பொறுமைசாலி. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவன் வாயைத் திறந்தான். "மேடம், லென்ஸுக்குக் கீழே வெள்ளையா ஒரு வட்டம் இருக்கும். உடம்புச் சூடு அது வழியாத்தான் தெரியும். அதுமேல ஏதாவது ஒட்டியிருக்கா பாருங்க." "ஒண்ணுமே ஒட்டலை, நல்லாச் சாமி கும்பிட்டு..." என்று சொல்லிக்கொண்டே போனோடு மரத்தடிக்குப் போனேன். சந்தனம் வெயிலில் காய்ந்து, ஓடு மாதிரி இறுகி, நடுக் குங்குமத்தோடு என்னைப் பார்த்தது. "சிக்னல் சரியில்லை தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கேமராவின் கண்ணை விட்டுவிட்டு உயிரில் பொட்டு வைத்திருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் என் வீட்டுக்காரர் என் கருமாதி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஈரத்துணியால் துடைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறமும் சுலபமாக இல்லை. அடுத்த முறை பார்த்தால் கார்டு நிறையச் சேலை. பன்றி வராமல் இருக்க இங்கே எல்லோரும் வேலியில் பழைய சேலையைக் கட்டிவிடுவோம். மலைக்காற்று வந்து அது ஆட ஆட, வெயிலில் காய்ந்த சேலையைக் கேமரா மனுஷன் என்று நினைத்துப் படம் பிடித்துத் தள்ளியிருக்கிறது. என் கல்யாணத்துக்கு எடுத்த ரோஸ் கலர் சேலை மட்டும் ஆயிரம் படத்துக்கு மேல் இருக்கும். கல்யாணத்தன்றுகூட அதை யாரும் அவ்வளவு படம் எடுக்கவில்லை. பெட்டியைக் கொஞ்சம் திருப்பிச் சேலை தெரியாதபடி, சந்தும் வேலிக்கு அந்தப் பக்கம் போகிற வண்டிப்பாதையும் மட்டும் தெரியும்படி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கேமரா பேச ஆரம்பித்தது. தோகையை மடித்துக்கொண்டு பெண் மயில்களுக்குப் பின்னால் போகிற ஆண் மயில், குட்டிகளை வரிசையாகக் கூட்டிப் போகிற பன்றி, பின்னங்காலால் நின்று எட்டிப் பார்க்கிற கீரி. ஒருநாள் விடிகிற நேரத்தில் மிளா மான் ஒன்று வந்து மாமரத்து இலையைத் தின்றிருக்கிறது. தென்னைக்குப் பின்னால் ஒதுங்கிய என் வீட்டுக்காரரும் ஒரு படத்தில் மாட்டினார்; அதை உடனே அழித்தேன். நாய் சந்து வழியாகப் போவதும் வருவதும் இருந்தது. வாயில் எதுவும் இல்லை. தினமும் தைத்து முடித்ததும் கார்டைப் போனில் போட்டுப் பார்ப்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. நாம் இல்லாத நேரத்தில் நம் தோப்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நாங்கள் இத்தனை வருஷம் எங்கள் இடம் என்று சொல்லிக்கொண்டிருந்த மண்ணில், எங்களைக் கேட்காமல் இவ்வளவு பேர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒருநாள் அவர் காலை ஷிப்டுக்குப் போன பிறகு கார்டைப் பார்த்தேன். வெளிச்சம் வருகிற நேரத்துப் படம். வண்டிப்பாதையில் மதினி. இடுப்பில் ஒரு ஆட்டுக்குட்டி. தோளில் ஒரு துணி மூட்டை. பக்கத்தில் எங்கள் நாய், அவர் கையை முகர்ந்துகொண்டே நடக்கிறது. அடுத்த படத்தில் டி.வி.எஸ். வண்டியோடு ஒரு பையன் நிற்கிறான். முகம் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல்யாண போட்டோவைத் தெருவில் யாரோ போனில் காட்டியபோது பார்த்த முகம். அதற்கடுத்த படத்தில் குட்டி அவன் காலுக்கு நடுவில், வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"அடிப்பாவி மதினி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். குட்டியைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டு வாயில்லாத ஜீவன்மேல் பழியைப் போட்டிருக்கிறார். அதுவும் அந்த நாய் கூடவே வாலாட்டிக்கொண்டு போகிறது, படுபாவி! இந்தப் படம் ஒன்று போதும். சாயங்காலம் அவர் வரட்டும், தெருவைக் கூட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

கடைசிப் படத்தை அதன் பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். மதினி அந்த மூட்டையைப் பையன் கையில் கொடுக்கிறார். முடிச்சு அவிழ்ந்து உள்ளே இருப்பது தெரிகிறது. மெத்தென்று நைந்த பழைய நூல் சேலைகள், நாலாக மடித்தவை. வேலியில் கட்டுகிற நைலக்ஸ் இல்லை. நான் துணியோடு பிழைக்கிறவள், எனக்குத் தெரியாதா? பழைய நூல் சேலையைப் பார்த்துப் பார்த்துத் துவைத்து மடித்து ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்றால், அந்த வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குட்டி எதற்கென்றும் விளங்கிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் ஆக்கிப் போட்டு ரத்தம் ஊற வைக்க வேண்டியது தாய் வீடு. வீட்டுக்கு அழைத்து ஆக்கிப்போட முடியாதவர், உயிரோடு தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். படத்தில் மதினி சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு நைட்டிகூட ஒழுங்காகத் தைக்கவில்லை. கழுத்துப் பட்டியைக் கைப்பகுதியில் வைத்துத் தைத்துவிட்டு அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். படத்தைக் காட்டினால் நாய் பிழைக்கும். ஆனால் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம். அக்கா முகத்தில் முழிக்க மாட்டார். மதினிக்குத் தம்பியும் போய், மகளுக்குச் செய்கிற வழியும் போகும். அந்தப் பையனைத் தெருக்காரர்கள் வழிமறித்து என்ன செய்வார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. காட்டாவிட்டால் என் காலடியில் வயிற்றை ஒட்டித் தூங்குகிற இது சாகும். அதைப் பார்த்தேன். மோட்டார் நின்றுவிட்டதே என்று தலையைத் தூக்கியது. அழுதுவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார், ஆட்டை எண்ணினார், "ஒண்ணு இல்லையே" என்றார். மதினி கொட்டகை வாசலில் நின்று, "ஆமா தம்பி" என்றார். நாய் என்று அவர் வாய் சொல்லவில்லை. அவர் சொல்லத் தேவையும் இல்லை. என்னைப் பார்க்காமல் வைக்கோலை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சங்கிலியை எடுத்தார். கார்டு என் ரவிக்கைக்குள் இருந்தது. கேமரா வேலை செய்கிறது என்று என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

"நீங்க விடுங்க. காலையில நானே கொண்டு விட்டுட்டு வாரேன்" என்றேன்.

"நீயா?"

"எனக்குப் பின்னாடிதானே அது திரியுது. நான் போனாத்தான் சத்தமில்லாம வரும்."

அவர் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு வேகமாகக் கிணற்றடிக்குப் போனார். ரொம்ப நேரம் முகம் கழுவினார். அவருக்கும் அதைத் தன் கையால் அவிழ்த்துவிட மனசில்லை.

அன்று ராத்திரியே அந்தப் படங்களை எல்லாம் அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். டி.வி.எஸ். வண்டியின் முகப்பில் ஒட்டியிருந்த வெல்டிங் கடைப் பெயர். மறுநாள் தெரிந்த லோடு ஆட்டோவில் நாயோடு ஏறி மலைப்பக்கம் திரும்பாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விசாரித்ததும் கடை கிடைத்துவிட்டது. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பையன் என்னைப் பார்த்தான், பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. "பயப்படாதய்யா. நாந்தான் வந்திருக்கேன். வீட்டைக் காட்டு" என்றேன்.

ஒற்றை அறை வீடு. நடுவில் மதினியின் நூல் சேலையில் தொட்டில். கொல்லையில் நேற்றுப் போன குட்டி தழை தின்றுகொண்டிருந்தது. மதினி மகள் என்னைக் கண்டதும், "அத்தே!" என்று எழுந்தவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்து, முகத்தில் ரத்தமே இல்லை. நாயைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். "எங்களால இதுக்கு இப்படி ஆயிருச்சே. அம்மா போன்ல சொல்லிச் சொல்லி அழுதாக அத்தே. வாயில்லாத உசுருமேல பழி போட்டுட்டேன், நான் நல்லா இருப்பேனான்னு அழுதாக."

"அதெல்லாம் நல்லாத்தான் இருப்பாக. இந்தா, இது இனி உன் வீட்டு நாய். கூப்பிட்டா வராது, காது கேக்காது. கையைக் காட்டிக் கூப்பிடணும். தூங்கும்போது பின்னாடி போய்த் தொட்டுராதே, பயந்துரும்" என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தினால் நானும் அழ வேண்டியிருக்கும். தொட்டிலுக்குள் பார்த்தேன். அவள் பிறந்தபோது இருந்த அதே சப்பை மூக்கு. நாய் தொட்டிலுக்கு அடியில் போய், ஏதாவது அதிர்கிறதா என்று தரையில் வயிற்றை வைத்துப் பார்த்தது. பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது. ஆட்டோவில் திரும்பும்போது வழியெல்லாம் மடி வெறுமையாக இருந்தது.

வீடு வந்தபோது அவர் மதினியின் கொட்டகைப் பக்கம் இருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. மதினி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டியா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"விட்டுட்டேன். மலைப்பக்கம் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வீட்டுல விட்டிருக்கேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், வெல்டிங் வேலை பாக்குறவுக. நல்லாப் பாத்துக்கிடுவாக."

மதினியின் கையிலிருந்த தழை கீழே விழுந்தது. என்னையே பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அழுவார், கையெடுத்துக் கும்பிடுவார் என்று என்னென்னவோ நினைத்தேன். அவர் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"ஏட்டி, அங்க கைப்பிள்ளை கிடக்கே. தொட்டில் பக்கம் போயி ஒண்ணும் பண்ணிராதுல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் தம்பி பக்கத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டகையில் நிற்கிற ஆடுகளைப் பார்த்தார். கத்தப் போகிறார், வேலியைப் பிய்த்து எறியப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அது பிள்ளைகள ஒண்ணும் பண்ணாதுக்கா" என்றார்.

ஆடுகள் கீழே கிடந்த தழையை இழுத்துத் தின்றன.

"என்ன பிள்ளை?"

"பொட்டப்பிள்ளை, தம்பி."

"காது குத்தியாச்சா?"

மதினிக்கு அடக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "மாமன் மடி இல்லாம எப்படித் தம்பி குத்துவாக? எம் மகளுக்குக் கூடப்பிறந்தவன் யாரு இருக்கா?" என்றார்.

அவர் தலையைக் குனிந்து உள்ளங்கையால் தன் தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, அக்கா கையைப் பிடித்துத் தூக்கி விட்டார்.

"நாளைக்கும் எனக்கு லீவுதான்" என்றார்.